சுடரைக் காவல் காக்கும் கம்பி

கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் புதிதாக எழுந்துள்ள தாமான் வீடுகள் பலவற்றில், சமையல் மேடையிலேயே பதிக்கப்பட்ட கேஸ் அடுப்புகளைக் காணலாம். இவ்வகை அடுப்பில் அடிக்கடி எழும் குறை ஒன்று உண்டு. குமிழை அழுத்தித் திருப்பினால் 'டிக் டிக்' என்று பொறி பறக்கிறது. நீல நிறத்தில் சுடரும் எழுகிறது. கையை எடுத்தவுடன் சுடர் அணைந்துவிடுகிறது. மீண்டும் அழுத்தினால் எரிகிறது, விட்டால் அணைகிறது. கேஸ் தீர்ந்துவிட்டதோ என்று முதலில் தோம்பை அசைத்துப் பார்க்கிறார்கள். அதுவோ கனமாகவே இருக்கிறது. பிறகு, 'அடுப்பு கெட்டுப்போய்விட்டது' என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

அந்த முடிவு பாதிதான் சரி. அடுப்பில் ஏதோ ஒரு குறை இருப்பது உண்மையே. ஆனால், சுடரை அணைத்தது அடுப்பினுள் இருக்கும் ஒரு காவல் அமைப்பு. சுடர் எரிகிறது என்ற செய்தி அதற்கு எட்டவில்லை. செய்தி எட்டாதபோது கேஸை நிறுத்துவதற்காகவே அது பொருத்தப்பட்டுள்ளது. இதை அறியாமல் சிலர் குமிழின்மீது கனமான பொருளை முட்டுக்கொடுத்தோ இரப்பர் வளையத்தால் இழுத்துக் கட்டியோ சமைக்க முற்படுகிறார்கள். சமையல் நடந்துவிடும், காவல் இல்லாத அடுப்பில் நடக்கும்.

இத்தகைய காவல் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு விடை தோம்புக்குள் இருக்கிறது. மலேசிய வீடுகளில் வழக்கமாகப் பயன்படும் 14 கிலோகிராம் தோம்பில், புரோப்பேன், பியூட்டேன் ஆகிய இரண்டு வாயுக்களின் கலவை அழுத்தத்தால் திரவமாக்கி அடைக்கப்பட்டுள்ளது. அத்திரவம் வெளியே வந்தால் ஏறத்தாழ 250 மடங்கு விரிந்து வாயுவாகிறது. காற்றில் சுமார் 2 விழுக்காடு கலந்துவிட்டாலே அது தீப்பற்றும் நிலையை அடைகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் இதன் தீவிரம் விளங்கும். ஒரு லிட்டர் திரவம் 250 லிட்டர் வாயுவாகிறது. அந்த 250 லிட்டர் வாயு 12,500 லிட்டர் காற்றைத் தீப்பற்றக்கூடியதாக மாற்றவல்லது. 2 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் உயரம் கொண்ட ஒரு சிறிய சமையலறையின் மொத்தக் கொள்ளளவும் அதுவே.

மேலும், இவ்வாயு காற்றைவிடக் கனமானது. புரோப்பேன் காற்றைப்போல் சுமார் ஒன்றரை மடங்கும் பியூட்டேன் சுமார் இரண்டு மடங்கும் கனமுடையவை. அதனால், கசியும் கேஸ் மேலெழுந்து சன்னல் வழியாக வெளியேறிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. அது தரையோடு பரவுகிறது. அலமாரியின் அடியிலும் கழிவுநீர்க் குழியிலும் தேங்குகிறது. பால் பொங்கி வழிந்து சுடரை அணைப்பதும், மாலை மழையோடு வரும் காற்று சன்னல் வழியாகப் புகுந்து சிறு தீயை ஊதி அணைப்பதும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியவை. அப்போது குமிழ் திறந்தபடியே இருக்கும். சமைப்பவர் முன்கூடத்தில் இருக்கலாம்.

கேஸுக்கு இயல்பாக மணம் இல்லை என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. அழுகிய முட்டையின் நாற்றம் போன்ற அந்த வாடை, ஈதைல் மெர்கேப்டான் போன்ற கந்தகச் சேர்மம் ஒன்றை வேண்டுமென்றே கலப்பதால் வருவது. இவ்வழக்கம் பரவியதன் பின்னணியில் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1937-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளிக்கூடத்தில், தரைக்கு அடியில் கசிந்து தேங்கியிருந்த இயற்கை எரிவாயு வெடித்தது. அந்த வாயுவில் வாடை இல்லாததால் எவரும் கசிவை உணரவில்லை. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அதன் பின்னரே எரிவாயுவில் வாடை கலக்க வேண்டும் என்ற விதி டெக்சஸில் வந்தது. பிற இடங்களுக்கும் பரவியது. மூக்கு ஒரு காவல் என்றால், அடுப்பினுள் இருக்கும் காவல் மற்றொன்று. வாடை பரவும்வரை அது காத்திருப்பதில்லை.

அந்தக் காவலைக் கண்ணால் காணலாம். அடுப்பு ஆறியிருக்கும்போது பாத்திரம் தாங்கும் சட்டத்தை எடுத்துவிட்டு, பர்னரின் ஓரத்தைக் கவனித்தால் இரண்டு சிறிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று வெள்ளைப் பீங்கானால் சூழப்பட்டிருக்கும். அது பொறியை உண்டாக்குவது. பீங்கான் உறை இல்லாமல் உலோகமாகவே நிற்கும் மற்றொன்றுதான் சுடரைக் காவல் காப்பது.

முதலில் பொறியைப் பற்றிச் சில சொற்கள். சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். 'டக்' என்று ஒரே ஒரு முறை ஒலித்துத் தீப்பொறி தரும் அடுப்புகள் இன்றும் அத்தத்துவத்தில்தான் இயங்குகின்றன. தொடர்ந்து 'டிக் டிக்' என்று ஒலிப்பவை மின்கலத்தாலோ வீட்டு மின்சாரத்தாலோ இயங்குபவை. இரண்டிலும் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் உருவாகி, கம்பியின் நுனியிலிருந்து பர்னரின் உலோகத்திற்குத் தாவுகிறது. இடைவெளி சுமார் மூன்று மில்லிமீட்டர். அது கூடினால் பொறி தாவாது. மிகவும் குறைந்தால் பொறி சிறுத்து, கேஸைப் பற்றவைக்கும் வலிமையை இழக்கும்.

பொறியில் எழும் குறைகள் பெரும்பாலும் எளியவை. ஒலியே இல்லையென்றால் மின்கலம் தீர்ந்திருக்கலாம். ஒலி கேட்டும் தீ பற்றவில்லையென்றால் பீங்கான் ஈரமாக இருக்கலாம். அடுப்பைக் கழுவிய மறுநாள் காலையில் இந்தச் சிக்கல் வருவது வழக்கம். துடைத்து உலரவிட்டால் தீர்ந்துவிடும். பீங்கானில் மயிரிழை போன்ற விரிசல் விழுந்திருந்தால், பொறி நுனிக்குப் போகாமல் அவ்விரிசல் வழியாகவே பக்கத்து உலோகத்திற்குத் தாவிவிடும். ஒலி கேட்கும், ஆனால், பொறி வேண்டிய இடத்தில் இராது. தோம்பின் ரெகுலேட்டரை மூடிவிட்டு, முன்பு வெளிவந்த கேஸ் முற்றிலும் கலைந்த பிறகு, விளக்கை அணைத்து இயக்கிப் பார்த்தால் பொறி எங்கே தாவுகிறது என்பது தெரிந்துவிடும். இன்னொரு காரணம், கழுவியபின் பர்னர் மூடியைச் சாய்வாக வைத்துவிடுவது. அப்போது பொறி ஒரு பக்கம், கேஸ் வரும் துளை மறுபக்கம் என்றாகிவிடுகிறது.

இனி அந்த இரண்டாவது கம்பி. அதன் பெயர் வெப்ப மின்னிரட்டை. பழுது பார்ப்பவர்கள் தெர்மோகப்பிள் என்பார்கள். இரு வேறு உலோகங்களை இணைத்து, அந்த இணைப்பைச் சூடாக்கினால் மின்சாரம் உண்டாகும். இவ்விளைவை 1821-ஆம் ஆண்டில் செருமானிய அறிவியலாளர் தோமஸ் யோகான் சீபெக் கவனித்தார். அடுப்பில் உள்ள மின்னிரட்டையின் நுனியைச் சுடர் தழுவும்போது சுமார் 20 முதல் 30 மில்லிவோல்ட் வரை மின்னழுத்தம் தோன்றுகிறது. ஒரு சாதாரண 1.5 வோல்ட் மின்கலத்தோடு ஒப்பிட்டால் இது அதில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே. எனினும், இந்தச் சிறிய மின்சாரம் குமிழின் அடியில் உள்ள ஒரு மின்காந்தத்திற்குச் சென்று, கேஸ் வால்வைத் திறந்தபடி பிடித்து வைக்கிறது.

இங்குதான் இவ்வமைப்பின் நுட்பம் அடங்கியிருக்கிறது. அந்த மின்காந்தத்தால் திறந்த வால்வைப் பிடித்துக்கொள்ள முடியும். மூடிய வால்வைத் தானே திறக்க முடியாது. அவ்வளவு வலிமை அதற்கு இல்லை, இருக்கவும் கூடாது. அதனால்தான் முதலில் மனிதக் கை குமிழை அழுத்தி வால்வைத் திறந்து கொடுக்கிறது. நுனி சூடேறும்வரை சில வினாடிகள் பிடித்திருக்கிறது. பிறகு கை விலகுகிறது. காந்தம் பொறுப்பை ஏற்கிறது. சுடர் அணைந்தால் நுனி ஆறுகிறது; மின்சாரம் குறைகிறது; காந்தம் பிடியை விடுகிறது; வில்சுருள் வால்வை மூடிவிடுகிறது. ஒருமுறை மூடினால் மீண்டும் ஒரு கை வந்து அழுத்தும்வரை கேஸ் வராது. சமையல் முடிந்து குமிழை மூடிய சிறிது நேரத்தில், சில அடுப்புகளிலிருந்து மெல்லிய 'டக்' ஒலி கேட்கும். அது காந்தம் தன் பிடியை விட்ட ஓசை.

இப்போது கெப்பாலா பத்தாஸ் சமையலறையின் சிக்கலுக்குத் திரும்பலாம். கையை எடுத்ததும் சுடர் அணைகிறது என்றால், நான்கு இடங்களில் ஒன்றில் தடை இருக்க வேண்டும். கையைப் போதிய நேரம் பிடித்திருக்கவில்லை என்பது முதலாவது. பெரும்பாலான அடுப்புகளுக்கு ஐந்து முதல் பத்து வினாடி போதும். சுடர் நுனியைத் தொடவில்லை என்பது அடுத்தது. பர்னர்த் துளைகளில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருந்தால், நுனிக்கு எதிரே மட்டும் சுடர் எழாமல் போகலாம். வளையம் முழுவதும் எரிகிறதே என்று எண்ணி ஏமாறக்கூடிய இடம் இது. நுனியின்மீது கரியோ காய்ந்த குழம்போ படிந்திருந்தால் வெப்பம் உள்ளே ஏறுவது தாமதமாகும். இவை மூன்றும் வீட்டிலேயே சரிசெய்யக்கூடியவை. அடுப்பு ஆறிய பின், துளைகளை ஊசியால் சுத்தம் செய்து, நுனியை மென்மையான எஃகுப் பஞ்சால் மெதுவாகத் துடைத்தாலே பெரும்பாலும் போதும். நுனியை வளைக்கக் கூடாது.

இவற்றைச் செய்தும் சுடர் நிற்கவில்லையென்றால் குறை உள்ளே இருக்கிறது. மின்னிரட்டை தேய்ந்திருக்கலாம், வால்வோடு அதை இணைக்கும் இடம் தளர்ந்திருக்கலாம், காந்தம் வலுவிழந்திருக்கலாம். மில்லிவோல்ட்டை அளந்து பார்த்தே இவற்றைப் பிரித்தறிய முடியும். அது பயிற்சி பெற்றவரின் வேலை. மலேசியாவில் 1993-ஆம் ஆண்டு எரிவாயு வழங்கல் சட்டத்தின் கீழ், எரிவாயுப் பணிகளில் தகுதி பெற்றவர்களை எரிசக்தி ஆணையம் பதிவு செய்கிறது.

எல்லா அடுப்புகளிலும் இக்காவல் இருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மேசைமீது வைக்கும் விலை குறைந்த அடுப்புகள் பலவற்றில் மின்னிரட்டை கிடையாது. பினாங்கின் சாலையோரக் கடைகளில் சார் குவே தியாவ் கிண்டும் உயர் அழுத்த அடுப்புகளிலும் அது இல்லை. அங்கே கடைக்காரரின் கண்ணும் காதுமே காவல். சுடரின் இரைச்சல் மாறிய அதே கணத்தில் அவருடைய கை வால்வுக்குப் போகிறது. ஆனால், அவர் அடுப்பை விட்டு நகர்வதில்லை. கடையும் திறந்த வெளியில் இருக்கிறது. மூடிய வீட்டில் இந்த இரண்டும் இல்லை.

குளிர் நாடுகளில் இதே சிக்கல் வேறொரு வடிவம் எடுக்கிறது. கெப்பாலா பத்தாஸில் அறையைச் சூடாக்கும் கருவியை வாங்க எவரும் கடைக்குப் போவதில்லை. வட அமெரிக்காவிலோ, படுக்கை, அடுப்பு, குளியலறை ஆகிய வசதிகளுடன் வீடுபோல் அமைந்த கேரவன் வாகனங்களில் பயணம் செய்வோர், இரவில் புரோப்பேன் கேஸால் இயங்கும் வெப்பமூட்டியை நம்பியே உறங்குகிறார்கள். பியூட்டேன் சுழியம் பாகையளவில் ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேன் சுழியத்திற்குக் கீழே 42 பாகைவரை ஆவியாகும். அதனால்தான் அங்கே புரோப்பேன். உறங்கும் மனிதர், மூடிய சிறு அறை, தானாகவே எரிந்து தானாகவே அணையும் கருவி என மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில், ஆறுவதற்குப் பல வினாடிகள் எடுத்துக்கொள்ளும் மின்னிரட்டை போதாது. குமிழை அழுத்திப் பிடிக்க அங்கே கையும் இல்லை.

ஆகவே, அக்கருவிகளில் சுடரின் சூட்டை அளப்பதற்குப் பதிலாக, அதன் வழியே மின்சாரம் பாய்கிறதா என்று சோதிக்கிறார்கள். சுடருக்குள் மின்னூட்டம் பெற்ற துகள்களான அயனிகள் இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். சுடருக்குள் ஒரு கம்பியை நிறுத்தி, அதற்கும் பர்னருக்கும் இடையே மாறுதிசை மின்னழுத்தத்தைக் கொடுக்கிறார்கள். கம்பியின் பரப்பு சிறியது. பர்னரின் பரப்பு பெரியது. அதனால், மின்னோட்டம் ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் மிகக் குறைவாகவும் செல்கிறது. ஒருவழிப் பாதைபோல் ஆகிவிட்ட இந்த மின்னோட்டத்தை மின்னணுப் பலகை அடையாளம் காண்கிறது. அதன் அளவு சில மைக்ரோஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரின் பத்து இலட்சத்தில் சில பங்குகள் மட்டுமே. கம்பி தவறிப்போய் உலோகத்தைத் தொட்டுவிட்டால் மின்னோட்டம் இரு திசையிலும் சமமாகப் பாயும். பலகை அதைச் சுடர் என்று ஏற்காது. பொய்ச் சாட்சியையும் மெய்ச் சாட்சியையும் பிரித்தறியும் இவ்வழி உண்மையிலேயே வியக்கத்தக்கது.

மைக்ரோஆம்பியர் என்பது அவ்வளவு சிறியதாகையால், கம்பியின்மீது கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு படலம் படிந்தாலே செய்தி நின்றுவிடும். கரி, உலோக ஆக்சைடு, சிலிக்கோன் கலந்த தெளிப்பான்களால் உண்டாகும் வெண்படலம் ஆகியவை அதற்குக் காரணங்கள். அப்போது சுடர் அழகாக எழும், சில வினாடிகளில் அணையும், மறுபடி எழும், மறுபடி அணையும். பார்ப்பவர் கேஸைக் குறை கூறுவார். பர்னரிலிருந்து பலகைக்குத் திரும்பும் தரை இணைப்பு துருப்பிடித்தாலும் இதே அறிகுறிதான்.

இதைவிடக் குழப்பமான ஒரு குறையும் உண்டு. இவ்வெப்பமூட்டிகளில் எல்லாம் ஒரு வரிசைப்படியே நடக்கும். முதலில் விசிறி சுழன்று, அறையினுள் எஞ்சியிருக்கக்கூடிய கேஸை வெளியேற்றும். போதிய காற்று ஓடுகிறது என்பதை ஒரு சிறிய சுவிட்ச் உறுதி செய்யும். அதன் பிறகே வால்வு திறந்து பொறி பறக்கும். வாகனத்தின் 12 வோல்ட் மின்கலம் வலுவிழந்திருந்தால் விசிறி மெதுவாகச் சுழலும், காற்று குறையும், அந்தச் சுவிட்ச் மூடாது. விசிறி ஓடுவது கேட்கும். தீ மட்டும் பற்றாது. பற்றவைக்கும் பகுதியைக் கழற்றி எத்தனை முறை துடைத்தாலும் பயன் இராது. காரணம் மின்கலத்தில் இருக்கிறது. குளவிக்கூடும் சிலந்தி வலையும் காற்றுப் பாதையை அடைப்பதும் உண்டு.

இக்காரணத்தால்தான் பழுது பார்ப்பவர்கள் எடுத்தவுடன் கருவியைக் கழற்றுவதில்லை, முதலில் கவனிக்கிறார்கள். விசிறி ஓடியதா, பொறி பறந்ததா, சுடர் எழுந்ததா, எழுந்தபின் எத்தனை வினாடியில் அணைந்தது என்று கேட்கிறார்கள். சுடரே எழவில்லையென்றால் கேஸ், காற்று, பொறி ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். எழுந்து அணைந்தால் உணரும் கம்பியைப் பார்க்க வேண்டும். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடினால் காற்று போதவில்லை என்று பொருள். அங்கே கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் உண்டாகும். மின்னணுப் பலகை, வழக்கமாக மூன்று முறை முயன்றும் சுடரைக் காணாவிட்டால் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். அப்பூட்டை மீண்டும் மீண்டும் விடுவித்து முயல்வது ஆபத்தானது. ஒவ்வொரு முயற்சியிலும் எரியாத கேஸ் சிறிது உள்ளே சேர்கிறது. கடைசியில் தீப்பற்றும்போது அத்தனையும் ஒன்றாகப் பற்றும்.

வீட்டு அடுப்பிலும் இதுவே உண்மை. ஓரிரு முறை முயன்றும் பற்றவில்லையென்றால் குமிழை மூடிவிட்டு, கேஸ் கலையும்வரை சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும். தோம்பு மாற்றிய பிறகு இணைப்பில் கசிவு உண்டா என்பதைச் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தே அறிய வேண்டும். குமிழிகள் எழுந்தால் கசிவு. தீக்குச்சியைக் கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதை அறவே விட்டொழிக்க வேண்டும்.

வாடை பலமாக வீசினால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். விளக்கு, மின்விசிறி ஆகியவற்றின் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சுவிட்சினுள் எழும் சிறு பொறியே போதும். வீட்டில் உள்ளவர்களை அழைத்துக்கொண்டு வெளியேறிவிட வேண்டும். தீயணைப்பு மீட்புத் துறையை அழைக்க 999 என்ற எண்ணை அழுத்துவதுகூட, வாசலைக் கடந்து வெகுதூரம் வந்த பிறகுதான்.